பருப்பு வேகாத ஊரில் ஒரு வீடு

ஏலே தம்பி, எங்களுக்காக நீ பார்த்து வைத்த வீட்டின் வீடியோவை நானும் அப்பாவும் மூன்று தடவை பார்த்தோம். கயத்தாறு நாற்கரச் சாலையை ஒட்டிப் பெரிய கேட், உள்ளே ஒரே உயரத்தில் நட்டு வைத்த தென்னங்கன்றுகள், ஓடு வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள், வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் டாக்டர். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. "இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்கம்மா, இல்லேன்னா கை விட்டுப் போயிரும்" என்று நீ போனில் சொன்னாய். "பாப்போம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். முப்பது வருஷம் கிராம செவிலியராக வீடு வீடாகப் போய் ஊசி போட்டவள் நான், எனக்கா பேசத் தெரியாது? போனில் பேசினால் நான் நடுவில் அழுதுவிடுவேன், நீ நடுவில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கயத்தாறுக்கு வரவில்லை. பெங்களூருக்கும் வரவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு தாளும் மையும். உன்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அப்பா அம்மாவுக்கு வீடு தேடிக்கொண்டு அலைவதாக நீயே சொன்னாய். வேண்டுமானால் அவர்களிடமும் இதைக் காட்டு. அதனாலேயே நாங்கள் போகப்போகிற ஊரின் பெயரை எழுதவில்லை.

நீ நினைப்பதுபோல நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் வந்து, தையில் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டோம். மார்கழியில் வீடு மாறக்கூடாது, ஆகவே கார்த்திகைக்குள் காலி செய்தாக வேண்டும். கோவில்பட்டியில் அந்த ரயில் தண்டவாளத்தோரத்து வீட்டில் இருபத்திரண்டு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டோம். ரயில் போகிறபோது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்தில் தொடங்குகிற பழக்கம் உனக்கும் இன்னும் போகவில்லை, பார்த்திருக்கிறேன். இனிமேல் எங்கே இருப்பது என்று பார்க்க, சனிக்கிழமைதோறும் நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். என் பையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இரண்டு கைப்பிடி துவரம்பருப்பு இருக்கும். சிரிக்காதே. நம் கரிசல்காட்டில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் அந்த ஊரில் பருப்பு வேகுமா என்றுதான் கேட்பார்கள். உப்புத் தண்ணீரில் எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு வேகாது. வேகாத ஊரில் வாக்கப்பட்டவளுக்கு வாழ்நாள் முழுக்கக் குடமும் இடுப்புவலியும்தான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வியும் இதுதான். அதனால் போகிற ஊரிலெல்லாம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் அடுப்பில் அவர்கள் தண்ணீரில் பருப்பைப் போட்டுப் பார்ப்பேன். "வீடு பாக்கப் போறமா, விருந்துக்குப் போறமாட்டி?" என்று அப்பா கேலி செய்வார். விளாத்திகுளத்தில் அரை வேக்காடு. எட்டயபுரத்துப் பக்கம் ஒரு தெருவில் வெந்தது, அடுத்த தெருவில் வேகவில்லை.

பருப்பைப் பற்றிப் பேச்செடுத்ததால் ஒரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உன் வீட்டில் நாற்பது நாள் இருந்துவிட்டு, "தண்ணி ஒத்துக்கலப்பா" என்று சொல்லிக் கிளம்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் மனைவி பாவம், தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, பருப்பு இரண்டு விசிலில் குழைந்தது. நடந்தது வேறு. ஒரு நாள் சாயங்காலம் அப்பா பால் வாங்கக் கீழே போனார். முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. நான் இறங்கிப் போனால், பிள்ளைகள் விளையாடுகிற ஊஞ்சல் பக்கத்து பெஞ்சில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேட்டியெல்லாம் பால் பாக்கெட்டின் ஈரம். உங்கள் வளாகத்தில் ஆறு கட்டடம், ஆறும் ஒரே அச்சில் வார்த்தது. காவல்காரர் எந்த வீடு என்று கேட்டாராம், நம்பர் வரவில்லை. சரி, மகன் பெயர் என்ன என்று கேட்டாராம்.

"ஏட்டி, பிள்ள பேரு ஒரு நிமிஷம் வரலட்டி" என்றார். "எம்புட்டு யோசிச்சும் வரல. இத அவன்கிட்ட சொல்லிராத."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை, தம்பி. பஸ் டிரைவராக இருந்தபோது பிரேக் பிடிக்காத வண்டியைப் புளியமரத்தில் முட்டாமல் உழவுகாட்டுக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு சாப்பிட்ட மனுஷர். அன்றைக்கு வீட்டு வாசல் வரும்வரை என் கையை விடவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், தண்ணீர் மேல் பழியைப் போட்டேன். இப்போது அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா இல்லாததக் கூட்டிச் சொல்லாத" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

நான் செய்த தப்பு இதைவிடப் பெரிது. நர்ஸ் நான், ஊரில் யாருக்கு என்ன என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவள். அதற்கு ஒரு வருஷம் முன்பே கவனித்திருக்க வேண்டும் என்று எழுத வந்தேன், அதுவும் பொய். கவனித்தேன். அவர் பேச்சில் ஒரு வார்த்தைக்குத் திணறினால் நான் எடுத்துக் கொடுத்தேன். வண்டிச் சாவி அரிசி டப்பாவில் கிடந்தால் சத்தமில்லாமல் எடுத்து ஆணியில் மாட்டினேன். ஒரே கதையை இரண்டாம் முறை சொன்னால் முதல்முறை கேட்பதுபோல் சிரித்தேன். அவருக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், எனக்காகத்தான் செய்தேன். பெங்களூரிலிருந்து வந்ததும் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துகொண்டேதான் இருக்கும் என்றார் டாக்டர். நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார், உனக்கே தெரிந்திருக்கும். நாங்கள் தேடியது எந்த மாதிரி இடம் என்று இப்போது புரிகிறதா? அப்பா வழி தவறிப்போனால், கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து விட ஆள் இருக்கிற இடம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அதற்குப் பின்னால் ஒரு மனுஷர் இருக்கிறார். நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். புதூர்ப் பக்கம் என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், இதே நோய். அப்போது அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை, "மறதி விழுந்திருச்சு" என்பார்கள். காலையில் கிளம்பிக் கண்மாய்க் கரையில் போய் நிற்பார், யாராவது கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விடுவார்கள். மத்தியானம் பருத்திக் காட்டுக்குள் போய்விடுவார், களையெடுக்கிற பெண்கள் கூட்டி வருவார்கள். மருமகள்காரி தாங்க முடியாமல் என்னிடம் அழுதாள். நான் பெரிய அதிகாரியாட்டம், "இங்கன வச்சு ஏன் கஷ்டப்படுத? உன் வீட்டுக்காரர்தான் திருப்பூர்ல இருக்காருல்லா, அங்கன கூட்டிட்டுப் போ, நல்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்றேன். நர்ஸம்மா சொன்னால் அந்தக் காலத்தில் மறுபேச்சு கிடையாது. போனார்கள். பத்தாம் நாள் அந்தப் பெரியவர் வாசலைத் தாண்டியிருக்கிறார். திருப்பூரில் எந்தத் தெருவில் எந்த மனுஷனுக்கு அவரைத் தெரியும்? மூன்று நாள் கழித்து ஒரு பஸ் நிலையத்தில் காய்ச்சலோடு கிடந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாரமே போய்விட்டார். அடுத்த மாதம் நான் அந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, அந்த மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயை விரித்து, "உக்காருங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த மோரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இதைச் சொல்லிவிட்டதால் கயத்தாறில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நீ இவ்வளவு பிரியமாக ஏற்பாடு செய்ததைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று ஒரு சனிக்கிழமை போனோம். அங்கிருந்த பையன் கழுத்தில் டை எல்லாம் கட்டிக்கொண்டு நல்ல மரியாதையாகப் பேசினான். நான் போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும் என்றதும் மிரண்டுபோய், "அம்மா, குடிக்கக் கேன் தண்ணி இருக்கு" என்றான். "குடிக்கதுக்கு இல்லப்பா, பருப்புக்கு" என்றேன். அவன் உன் அப்பாவைப் பார்த்தான், அப்பா தலையை ஆட்டினார், கொடுத்துவிட்டான். வீட்டில் வந்து போட்டால், தம்பி, வெண்ணெய் மாதிரி வெந்தது! ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே நடந்து சுற்றிப் பார்க்கும்போது நாலாவது திருப்பத்தில் அப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, இங்கன எல்லா வீடும் ஒண்ணு போலவே இருக்கே" என்றார், மெதுவாக, அந்தப் பையனுக்குக் கேட்காமல். பெரிய மதில், வாசலில் காவல்காரர், அக்கம்பக்கத்தில் ஆறு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் ஆள், அவர்களும் சனி ஞாயிறுக்கு வருகிறவர்கள். திருட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல இடம்தான். வழி தெரியாதவனுக்கு அங்கே யாரைத் தெரியும், சொல்?

அப்புறம் ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் நடந்தது. காலை ஒன்பதரைக்குப் பேப்பர் வாங்கப் போன அப்பா பதினொன்றாகியும் திரும்பவில்லை. பேப்பர் கடை, டீக்கடை, ரயில் நிலையம், கதிரேசன் கோவில் மலைப் படிக்கட்டு என்று ஒரு ஆட்டோவைப் பிடித்து ஊரைச் சல்லடையாகச் சலித்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். உன்னைக் கூப்பிடப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். ஒன்றரை மணிக்கு ஒரு போன்.

"அக்கா, நான் செல்லத்தாய் பேசுதேன். அண்ணாச்சி இங்கனதான் இருக்காவ. ஒண்ணும் பதறாதீங்க, சோறு போட்டுட்டேன்."

செல்லத்தாயை நீ பார்த்திருக்க மாட்டாய். அவள் ஊரும் நான் வேலை பார்த்த ஊர்தான், புதூருக்கும் தள்ளி, தார்ரோடு முடிகிற இடம். அதற்கு அப்பால் மிளகாயும் பருத்தியும் போட்ட கரிசல்காடு மட்டும்தான். அவளுடைய இரண்டாவது பேறுகாலத்துக்கு நான் அவளை ஏற்றிக்கொண்டு வந்தது அப்பா ஓட்டின பஸ்ஸில். வலி கூடிவிட்டதென்று அப்பா இரண்டு நிறுத்தத்தில் நிறுத்தாமல் விளாத்திகுளம் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோனார். இறங்க வேண்டியவர்கள் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறது. அப்பா பத்தொன்பது வருஷம் ஓட்டின வண்டிக்கு அந்த ஊர்தான் கடைசி நிறுத்தம். அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்தி, இருபது நிமிஷம் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். இறங்கினதும் கால் சேற்றில் புதைந்தது. நம் கரிசல் மண்ணின் குணம் உனக்குத் தெரியும், மழை பெய்தால் ஒட்டிக்கொண்டு விடாது, பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு செருப்பும் அம்மிக்கல் கனம். ஒரு செருப்பு அதோடு போயே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடும் சேறு அப்பிய சேலையோடும் செல்லத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றால், அப்பா நாலு ஆம்பளைகளோடு கட்டிலில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ஈரத்தில் யாரும் காட்டுக்குள் இறங்க முடியாது, அதனால் அன்றைக்கு ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏட்டி, செருப்பு எங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இன்னொரு செருப்பையும் கழற்றி எறிந்திருப்பேன். பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

செல்லத்தாய் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். "அக்கா, இது மொதத் தடவ இல்ல" என்றாள். "போன மாசம் ஒருக்க வந்தாவ. ஆவணியில ஒருக்க. நிறுத்தத்துல நின்னுக்கிட்டு, வண்டி லேட்டுங்காவ. நாங்க சாப்பிட வச்சு, அடுத்த பஸ்ல ஏத்தி விட்டோம். கண்டக்டர் தம்பி உங்க தெரு முக்குல நிப்பாட்டி இறக்கி விட்டுருவான். அவனும் அண்ணாச்சி வண்டியில பள்ளிக்கூடத்துக்குப் போனவன்தான்."

அந்த இரண்டு நாளும் ஓய்வுபெற்றவர்கள் சங்கத்துக்குப் போனதாக அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

"ஏன் செல்லத்தாய் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாவ. பாவமா இருந்துச்சு." அடுப்பைத் தணித்துவிட்டு, "நீங்களுந்தான எங்ககிட்ட சொல்லல? எங்களுக்கு ஒண்ணுன்னா ராவும் பகலும் ஓடி வந்தீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க வேத்தாளா?" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததெல்லாம் யாருக்கு என்று நினைத்தேன். நான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த இடம், எனக்குத் தெரியாமலே இரண்டு தடவை அவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவருடைய கால் தானாக அங்கே போய் இறங்கியிருக்கிறது. வெளியே வந்து அவரிடம் கேட்டேன், ஏன் இங்கே வந்தீர்கள் என்று. நான் கேட்டது கிறுக்குத்தனமான கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார். "இங்கனதானட்டி வண்டியத் திருப்பணும்" என்றார்.

பையில் டப்பா இருந்தது. விடுவேனா? செல்லத்தாய் அடுப்பில் அவள் வீட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றிக் குக்கரில் பருப்பைப் போட்டேன். நாலு விசில், ஆறு விசில், ஒன்பது விசில். திறந்தால் பருப்பு போட்டது போட்டபடி கல்லாட்டம் கிடக்கிறது. அப்பா எட்டிப் பார்த்தார். "நம்ம பருப்பு இங்கன வேகாது போலயே" என்றதும் செல்லத்தாய் சிரித்த சிரிப்பில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். சமையலுக்குக் கூட்டுக் குடிநீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வருமாம், பிடித்து வைத்துக்கொள்வார்களாம். நான் அந்த வேகாத பருப்பை வடித்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, "இந்த ஊர்ல வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று கேட்டேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

வீடு கிடைத்திருக்கிறது. ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது, பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள். செல்லத்தாயின் கொழுந்தன் சென்னையில் கடை வைத்திருக்கிறார், அவர் வீடு. பஸ் நிறுத்தத்திலிருந்து நாலாவது வாசல். குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். வடக்குச் சுவரில் உன் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருக்கிறது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதோடு சேர்ந்து சுவரும் ஆடும். வருஷா வருஷம் பூசிக்கொள்ள வேண்டியதுதான். வாடகைக்குத்தான் எடுக்கிறோம், எதையும் வாங்கவில்லை. ஒரு கார்த்திகை மழையும் ஒரு சித்திரை வெயிலும் இருந்து பார்ப்போம். நீயும் எப்போதாவது நிலமோ வீடோ வாங்கினால் இப்படிச் செய். நம் பக்கத்து ஊர்களை மார்கழியில் போய்ப் பார்க்காதே. கொத்தமல்லி பூத்து, பருத்தி காய்த்து, யாரையும் ஏமாற்றிவிடும். சித்திரையில் போ, நிலம் பிளந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது. அப்போதும் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டருக்கு என்ன செய்வாய் என்று கேட்பாய். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விளாத்திகுளம்தான் பக்கம், அதுவும் பக்கம் இல்லை. நெஞ்சு வலித்தால் உன் பெங்களூரில் பிழைக்கிற உயிர் இங்கே பிழைக்காமல் போகலாம். அது எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், வழியிலேயே போன உயிர்களை நான் கையில் பிடித்திருக்கிறேன். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று ஆனபோது, அவர் கூடுதலாக எத்தனை நாள் இருப்பார் என்பதை விட்டுவிட்டு, இருக்கிற நாளில் பெஞ்சில் பால் பாக்கெட்டோடு பயந்துபோய் உட்காரக்கூடாது என்பதை எடுத்துக்கொண்டேன். அவரிடமும் கேட்டேன். தெளிவாக இருக்கிற ஒரு காலையில் கேட்டேன். "அங்கன போவோம்" என்றார். நான் எடுத்தது தப்பாக இருந்தால் அது என் தப்பு. உன் தலையில் அதை ஏற்றிக்கொள்ளாதே.

இனிமேல் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்கு அவரைவிட மூன்று வயதுதான் குறைவு, சர்க்கரையும் இருக்கிறது. நான் முந்திக்கொண்டால் நீ காரியம் முடிந்த மறுநாளே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவாய். நல்ல பிள்ளை என்று ஊரும் சொல்லும். போகாதே, தம்பி. அவரைக் கூட்டிக்கொண்டு போகாதே. செல்லத்தாயிடம் பேசி வைத்திருக்கிறேன், சமைத்துப் போட ஆள் இருக்கிறது, கூடப் படுக்க ஆள் இருக்கிறது. நீ மாதம் ஒரு தடவை வந்து பார். உனக்கு மனசு கேட்காது, ராத்திரி தூக்கம் வராது, நாலு பேர் நாலு பேச்சுப் பேசுவார்கள். அதையெல்லாம் நீ தாங்க வேண்டும் என்று உன் அம்மா கேட்கிறாள். ஒரு பெரியவரைத் திருப்பூருக்கு அனுப்பியவள் கேட்கிறாள். இதற்கு மட்டும் போனில் பதில் சொல்லாதே, நேரில் வந்து என் கையைப் பிடித்துச் சொல்லு.

அப்பாவும் ஒன்று எழுதச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வரச் சொல்லு அவன. ஆனா வந்ததும் 'என்னத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்க'ன்னு மட்டும் கேக்கக் கூடாதுன்னு எழுது. பரீட்ச எழுதுத வயசா எனக்கு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வந்தேன். நீ வந்தால் அவரிடம் தேதி கேட்காதே, கிழமை கேட்காதே. வண்டியைப் பற்றிக் கேள். எந்த வளைவில் எந்தக் கியர் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

கார்த்திகையில் சாமான்களை ஏற்றிவிடுவோம். பொங்கலுக்கு நீ நேரே அங்கே வா. காரில் வராதே, பஸ்ஸில் வா. கோவில்பட்டியில் ஏறிக் கண்டக்டரிடம் டிரைவர் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல், டிக்கெட்டை அவரே கிழித்துத் தருவார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினபிறகு இறங்கு. அப்பா அங்கே நிற்பார், வண்டி சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க தினமும் நிற்கப்போகிறார், எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்துவிட்டு ஒருவேளை, "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டால் முகத்தைச் சுருக்காதே, பதறாதே, அழாதே. "டிரைவர் வீட்டுக்கு" என்று சொல். உன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். கூடவே வா. அந்த வழி அவருக்குத் தெரியும்.